துப்பாக்கிச் சட்டமும் குடிபெயரும் குடும்பங்களும்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்று ஒரு நகரம் இருக்கிறது. துப்பாக்கி செய்வதில் அந்த ஊருக்கு இருநூறு ஆண்டுப் பெயர். 1794-லேயே அங்கே அரசாங்க ஆயுதசாலை தொடங்கிவிட்டது. 1850-களிலிருந்து ‘ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்’ என்ற புகழ்பெற்ற கம்பெனியும் அங்கேதான் இருந்து வந்தது. 2021 செப்டம்பரில் அந்தக் கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது. தலைமை அலுவலகமும் தொழிற்சாலையின் முக்கியமான சில பகுதிகளும் டென்னசி மாநிலத்துக்குப் போகின்றன என்பதே அறிவிப்பு. ஏன் தெரியுமா? இராணுவப் பாணியிலான சில துப்பாக்கிகளை மாநிலத்துக்குள் தயாரிக்கவே கூடாது என்று மாசசூசெட்ஸ் சட்டசபையில் ஒரு மசோதா வந்திருந்தது. மசோதா சட்டமாவதற்கு முன்பே கம்பெனி மூட்டை கட்டத் தொடங்கிவிட்டது. 2023 அக்டோபரில் டென்னசியில் மேரிவில் என்ற ஊரில் புதிய தலைமை அலுவலகம் திறக்கப்பட்டது.

சட்டத்துக்கு அஞ்சித் தொழிற்சாலை இடம் மாறும் என்பது இதிலிருந்து தெரிகிறது. வீட்டு அலமாரியில் ஒரு துப்பாக்கியைப் பூட்டி வைத்திருக்கும் சாதாரண மனிதர் என்ன செய்வார்? மாநிலச் சட்டம் கடுமையாகும்போது அவரும் குடும்பத்தோடு வேறு மாநிலத்துக்குப் போய்விடுவாரா? வேறு காரணத்துக்காக ஊர் மாறும்போதாவது, “அங்கே துப்பாக்கிச் சட்டம் எப்படி?” என்று விசாரித்துக்கொண்டு போவாரா?

“அவர் எங்கே போனால் நமக்கென்ன? இதில் விஞ்ஞானம் எங்கே வந்தது?” என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மருந்துச் சோதனையை நினைத்துப் பாருங்கள். நூறு நோயாளிகளுக்கு ஒரு புது மருந்து கொடுக்கிறார்கள். மருந்து ஒத்துக்கொள்ளாத இருபது பேர் பாதியிலேயே ஆஸ்பத்திரியை விட்டுப் போய்விடுகிறார்கள். மிச்சமிருக்கும் எண்பது பேரை மட்டும் பரிசோதித்து, “ஆகா, மருந்து அருமையாக வேலை செய்கிறது” என்று முடிவு கட்டினால் அது சரியாகுமா? துப்பாக்கிச் சட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்காவில் 2021-ம் ஆண்டில் மட்டும் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். எந்தச் சட்டம் இந்த எண்ணிக்கையைக் குறைக்கும் என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. ஒரு மாநிலம் கடுமையான சட்டம் இயற்றுகிறது. சில ஆண்டுகளில் சாவு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டம் பலன் தந்ததால் குறைந்ததா, அல்லது துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விட்டதால் குறைந்ததா? இந்தக் கேள்விக்கு விடை காணாமல், சட்டம் நல்லதா கெட்டதா என்று அளந்து சொல்ல முடியாது.

எல்லைக் கோட்டைத் தாண்டினால்

நம் நாட்டில் ஆயுதச் சட்டம் 1959-ல் மத்திய அரசு இயற்றியது. நாடு முழுவதற்கும் அது ஒன்றே. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 1934, 1968 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டங்கள் ஓர் அடித்தளம் மட்டுமே. அதன்மேல் 50 மாநிலங்களும் தத்தம் விருப்பப்படி சட்டம் எழுப்பியிருக்கின்றன. மறைத்து வைத்த கைத்துப்பாக்கியுடன் தெருவில் நடக்க லைசென்ஸே தேவையில்லை என்று 2024 முடிவதற்குள் 29 மாநிலங்கள் சொல்லிவிட்டன. மற்ற மாநிலங்களில் லைசென்ஸ் வேண்டும். இல்லினாய் மாநிலத்தில் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கவே அடையாள அட்டை வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். டெக்சஸ் மாநிலத்தில் இருக்கும் ஒருவருக்குக் கலிபோர்னியாவில் வேலை கிடைக்கிறது. லாரியில் சாமான்களை ஏற்றுகிறார். அவரிடம் ஒரு ரைஃபிளும், 30 தோட்டாக்கள் கொள்ளும் தோட்டாப் பெட்டி ஒன்றும் இருக்கின்றன. துப்பாக்கியில் செருகும் இந்தப் பெட்டியை மாகசின் என்பார்கள். டெக்சசில் இரண்டையும் அவர் கடையில் வாங்கினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கலிபோர்னியாவுக்குள் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மாகசினைக் கொண்டுவரக் கூடாது. ரைஃபிளில் சில அமைப்புகள் இருந்தால் அதையும் கொண்டுவரக் கூடாது. அனுமதியுள்ள துப்பாக்கியானாலும், குடியேறிய 60 நாட்களுக்குள் மாநில நீதித் துறைக்கு விவரம் எழுதித் தர வேண்டும். ஆக, நேற்று வரை சட்டத்துக்கு உட்பட்டு நடந்த மனிதர் ஒரு கோட்டைத் தாண்டியதும் குற்றவாளி ஆகலாம்! அவர் என்ன செய்வார்? விற்கலாம், டெக்சசில் இருக்கும் அண்ணன் வீட்டில் விட்டு வரலாம், சட்டத்துக்கு ஏற்றபடி துப்பாக்கியின் அமைப்பை மாற்றலாம், வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இந்த நான்கில் எதை எத்தனை பேர் செய்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

வரைபடம் காட்டும் வேடிக்கை

2023-ல் பியூ ஆராய்ச்சி நிலையம் எடுத்த கணக்கின்படி, வயது வந்த அமெரிக்கர்களில் 32 சதவிகிதத்தினரிடம் சொந்தத் துப்பாக்கி உண்டு. ஆனால் இவர்கள் நாடெங்கும் சமமாகப் பரவி இருக்கவில்லை. மாண்டானா, வயோமிங் ஆகிய மேற்கு மாநிலங்களில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் துப்பாக்கி இருக்கிறது. கிழக்கே நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் மாநிலங்களில் ஆறு வீட்டுக்கு ஒரு வீட்டில்கூட இல்லை. சட்டத்தைப் பாருங்கள்: மாண்டானாவிலும் வயோமிங்கிலும் மிக இளக்கம், நியூ ஜெர்சியிலும் மாசசூசெட்சிலும் மிகக் கடுமை. இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அச்சுப் போட்டாற்போல் பொருந்துகின்றன.

“இளக்கமான சட்டத்தைத் தேடித் துப்பாக்கிக்காரர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்” என்று உடனே சொல்லத் தோன்றுகிறதல்லவா? சற்றுப் பொறுங்கள். கடலோரக் குப்பங்களில் வீட்டுக்கு வீடு மீன்வலை காய்கிறது. வலை வைத்திருப்பவர்கள் எல்லாரும் எங்கிருந்தோ அங்கே குடியேறினார்கள் என்றா சொல்வோம்? கடல் அங்கே இருக்கிறது. அதனால் வலையும் அங்கே இருக்கிறது.

வயோமிங்கின் பரப்பு கிட்டத்தட்ட இரண்டு தமிழ்நாடு. மக்கள்தொகை 2020 கணக்கின்படி 5,76,851. அதாவது ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு இரண்டு பேர்தான்! மலையும் புல்வெளியும், எல்க் என்னும் பெரிய மானும், மாட்டுப் பண்ணைகளும் நிறைந்த நாடு. வேட்டையாடி இறைச்சியைக் குளிர்ப்பெட்டியில் சேமிப்பது அங்கே பரம்பரை வழக்கம். ஆபத்து என்று கூப்பிட்டால் போலீஸ் வண்டி வந்து சேர நெடுநேரமாகும் இடங்கள் பல. அங்கே துப்பாக்கி இருப்பதில் வியப்பில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்கள்தாம் அங்கே வாக்காளர்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த சட்டசபை கடுமையான சட்டம் செய்யுமா? நியூ ஜெர்சியோ நாட்டிலேயே நெருக்கமான மாநிலம். அங்கே துப்பாக்கி என்றால் வேட்டை நினைவுக்கு வராது. தெருச் சண்டைதான் நினைவுக்கு வரும்.

ஆகவே அம்பு மூன்று திசையில் பாயக் கூடும். சட்டம் மக்களை இழுத்திருக்கலாம். மக்கள் சட்டத்தைச் செய்திருக்கலாம். நிலமும் தொழிலும் இரண்டையும் சேர்த்தே செய்திருக்கலாம். என் கணிப்பில் இரண்டாவதும் மூன்றாவதும்தான் பெரிய அம்புகள். முதலாவது அம்பு இல்லை என்று சொல்லவில்லை. அது மெல்லியது, கண்ணுக்கு எளிதில் அகப்படாதது.

எண்ணுவதே கடினம்

ஏன் அகப்படாது? எண்ண முடியாததால்தான். துப்பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் அமெரிக்க மத்திய அரசிடம் கிடையாது. அப்படி ஒரு பொதுப் பட்டியலைத் தயாரிக்கக் கூடாது என்று 1986-ல் சட்டமே செய்துவிட்டார்கள். எல்லையில் லாரியை நிறுத்தி, “பெட்டியில் துப்பாக்கி உண்டா?” என்று கேட்பாரும் இல்லை.

பட்டியல் இல்லாதபோது ஆராய்ச்சியாளர்கள் என்ன செய்கிறார்கள்? நிழலைப் பார்த்து மரத்தின் உயரத்தைக் கணக்கிடுகிறோமே, அதுபோல வேறு ஒன்றை அளந்து இதை ஊகிக்கிறார்கள். 2001, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் உடல்நலம் பற்றிய ஒரு பெரிய டெலிபோன் கணக்கெடுப்பில், “வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?” என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டார்கள். அதற்குப் பிறகு எல்லா மாநிலங்களிலும் அவ்வாறு கேட்கவில்லை. மார்க் டக்கன் என்ற பொருளாதார அறிஞர் 2001-ல் ஒரு சாமர்த்தியமான வழி கண்டார். துப்பாக்கிப் பிரியர்கள் படிக்கும் ‘கன்ஸ் அண்ட் ஆம்மோ’ என்ற பத்திரிகைக்கு எந்த ஊரில் எத்தனை சந்தாதாரர் என்று எண்ணினார்! ஒரு பத்திரிகையின் சந்தாப் புத்தகம் விஞ்ஞானக் கருவி ஆயிற்று. ரேண்டு என்ற ஆராய்ச்சி நிறுவனம் 2020-ல் இத்தகைய பல நிழல்களை ஒன்றாகச் சேர்த்தது. டெலிபோன் கணக்கு, வேட்டை லைசென்ஸ், இறப்புப் பதிவேடு, பத்திரிகைச் சந்தா என்று எல்லாவற்றையும் கலந்து, 1980 முதல் 2016 வரை ஒவ்வொரு மாநிலத்துக்கும் மதிப்பீடு தயாரித்தது.

நிழலை நம்பினால் சில சமயம் ஏமாந்தும் போவோம். கடையில் துப்பாக்கி வாங்குபவர் குற்றவாளிதானா என்று 1998 முதல் கம்ப்யூட்டரில் சோதிக்கிறார்கள். எந்த மாநிலத்தில் எத்தனை சோதனை என்ற கணக்கு மாதாமாதம் வெளியாகிறது. அதில் பல ஆண்டுகள் கெண்டக்கி என்ற நடுத்தர மாநிலம் முதலிடத்துக்கு வந்தது. கெண்டக்கிக்காரர்கள் துப்பாக்கிக் கடையிலேயே குடியிருந்தார்களா? இல்லை. துப்பாக்கி ஏந்த லைசென்ஸ் வாங்கிய ஒவ்வொருவரையும் அந்த மாநிலம் மாதம் ஒருமுறை மறுபடி சோதித்து வந்தது. ஒரே மனிதர் ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவை கணக்கில் ஏறினார்! இந்த விவரம் தெரியாமல் கணக்கைப் பார்த்தவர், “துப்பாக்கிக்காரர்கள் கெண்டக்கிக்குக் குவிகிறார்கள்” என்று கட்டுரையே எழுதியிருப்பார்.

எதற்காகப் பெட்டி கட்டுகிறார்கள்?

நாடு முழுவதிலும் 2022-ல் சுமார் 82 லட்சம் பேர் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போனார்கள். மக்கள்தொகையில் இது நாற்பதில் ஒரு பங்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் ஆண்டுதோறும் ஒரு பகுதி மக்களிடம், “ஏன் வீடு மாறினீர்கள்?” என்று கேட்கிறது. திரும்பத் திரும்ப வரும் விடைகள் மூன்று: வீடு, குடும்பம், வேலை. நல்ல வீடு, குறைந்த வாடகை. கல்யாணம், மணமுறிவு, வயதான பெற்றோர். புதிய உத்தியோகம், மாற்றல். விடைத்தாளில் துப்பாக்கிச் சட்டத்துக்கென்று தனிக் கட்டம் இல்லை. அது ‘பிற காரணங்கள்’ என்ற மூட்டையில் கிடக்கிறது.

கலிபோர்னியாவிலிருந்து டெக்சசுக்கு 2022-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். கடுமையான சட்டத்திலிருந்து இளக்கமான சட்டத்துக்கு என்று இதைப் பேசுவோர் உண்டு. ஆனால் அதே ஆண்டில் டெக்சசிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்தவர்களும் நாற்பதாயிரத்துக்கு மேல். கலிபோர்னியாவில் ஒரு வீடு வாங்கும் பணத்தில் டெக்சசில் இரண்டு வாங்கலாம் என்பது அங்கே சாதாரணப் பேச்சு. டெக்சசில் மாநில வருமான வரியும் கிடையாது. போனவரின் மனத்தில் வீட்டு விலை எத்தனை பங்கு, வரி எத்தனை பங்கு, துப்பாக்கி எத்தனை பங்கு? பாலையும் தண்ணீரையும் கலந்தபின் பிரிப்பது போன்ற வேலை இது.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாநிலத்தில் 1,000 குடும்பங்கள். அவற்றில் 300 குடும்பங்களில் துப்பாக்கி. நாற்பதில் ஒரு பங்கு வீதம் ஆண்டுக்கு 25 குடும்பங்கள் வெளியேறும். அவற்றில் சுமார் 8 துப்பாக்கிக் குடும்பங்களாக இருக்கும். புதிய சட்டம் வருகிறது. அதன் கோபத்தில் இன்னும் இரண்டு குடும்பங்கள் கிளம்புகின்றன என்று வையுங்கள். எட்டு என்பது பத்தாகிறது. கால் பங்கு கூடிவிட்டது. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 25 என்பது 27 ஆயிற்று என்று மட்டுமே தெரியும். ஓர் ஆலை மூடினாலோ, வாடகை ஏறினாலோ இந்த எண் இதைவிட அதிகமாக ஆடும். சட்டத்தின் குரல் அந்த இரைச்சலில் அமுங்கிப் போகிறது.

கொலராடோவில் நடந்தது

இரைச்சல் குறைவாக உள்ள ஓர் இடம் அகப்பட்டால் நல்லது. கொலராடோ மாநிலத்தைக் கிட்டத்தட்ட அப்படிச் சொல்லலாம். 2012 ஜூலையில் அங்கே அரோரா நகரில் ஒரு சினிமாத் தியேட்டரில் ஒருவன் சுட்டதில் 12 பேர் இறந்தனர். அதே டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடே அதிர்ந்தது. 2013 மார்ச்சில் கொலராடோ இரண்டு முக்கியமான சட்டங்களை இயற்றியது. தனி மனிதர்களிடையே துப்பாக்கி கைமாறும்போதும் குற்றச் சோதனை வேண்டும் என்பது ஒன்று. 15 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மாகசினை விற்கவும் வாங்கவும் கூடாது என்பது மற்றொன்று. ஜூலை 1 முதல் அவை அமலுக்கு வந்தன. வடக்கே எல்லை தாண்டினால் வயோமிங். அங்கே இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. சோதனைச்சாலையில் இரண்டு கண்ணாடிக் குடுவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் மட்டும் ஒரு சொட்டு மருந்து விட்டதுபோல் அமைந்தது.

முதலில் தொழிற்சாலை நகர்ந்தது. ‘மேக்புல்’ என்ற மாகசின் கம்பெனி கொலராடோவில் ஈரி என்ற ஊரில் இருந்தது. அது தன் உற்பத்தியை வயோமிங்கின் தலைநகரான ஷையனுக்கும், தலைமை அலுவலகத்தை டெக்சசுக்கும் மாற்றப் போவதாக 2014 ஜனவரியில் அறிவித்தது. ஷையன் கொலராடோ எல்லையிலிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லை!

மக்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. தங்கள் பிரதிநிதிகளைப் பதவியை விட்டுப் போகச் செய்தார்கள். பதவியில் இருக்கும் உறுப்பினரை இடையில் திரும்ப அழைக்கும் உரிமை கொலராடோ வாக்காளர்களுக்கு உண்டு. 2013 செப்டம்பர் 10-ல் நடந்த வாக்கெடுப்பில் மாநில செனட்டின் தலைவரும் இன்னோர் உறுப்பினரும் பதவி இழந்தனர். அம்மாநில வரலாற்றில் சட்டமன்ற உறுப்பினர்கள் இவ்வாறு அகற்றப்பட்டது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அந்த இரண்டு இடங்களையும் பழைய கட்சியே மீட்டுக்கொண்டது என்பது வேறு கதை. 2013 நவம்பரில் இதைவிட விநோதமான ஒரு வாக்கெடுப்பும் நடந்தது. நம் மாவட்டம் போன்ற பிரிவை அங்கே கவுண்டி என்பார்கள். பதினொரு கவுண்டிகள், “கொலராடோவிலிருந்து பிரிந்து 51-வது மாநிலம் ஆகலாமா?” என்று தம் மக்களைக் கேட்டன. துப்பாக்கிச் சட்டம் ஒரு காரணம். கிராம மின்சாரம் பற்றிய புதிய விதிகள் மற்றொரு காரணம். ஐந்து கவுண்டிகள் ‘ஆம்’ என்றன. ஆறு ‘வேண்டாம்’ என்றன. வேறு மாநிலம் வேண்டும், ஆனால் வீட்டை விட்டு நகர மாட்டோம் என்ற இந்த மனநிலையைக் கவனியுங்கள்!

பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். 2010-க்கும் 2020-க்கும் இடையே கொலராடோ சுமார் 50 லட்சத்திலிருந்து 58 லட்சத்தை நெருங்கியது; ஏறத்தாழ 15 சதவிகித வளர்ச்சி. இளக்கமான சட்டமும், மாநில வருமான வரியே இல்லாத சலுகையும் கொண்ட வயோமிங் இரண்டு சதவிகிதம் சொச்சம்தான் வளர்ந்தது. டென்வர் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலைகள் பெருகின. வயோமிங்கில் நிலக்கரித் தொழில் தளர்ந்தது. துப்பாக்கிச் சட்டம் இழுத்த இழுப்பைவிட வேலை இழுத்த இழுப்பு பலமாக இருந்தது. ஆனால் வந்தவர்கள், போனவர்களில் எத்தனை பேர் கையில் துப்பாக்கி இருந்தது என்பதை இந்த எண்கள் சொல்லவில்லை.

இன்னொரு சிறிய விவரம் முக்கியமானது. 2013 ஜூலை 1-க்கு முன் வாங்கிய பெரிய மாகசினை வைத்துக்கொள்ளலாம் என்று கொலராடோச் சட்டமே அனுமதித்தது. கையில் இருப்பதைப் பிடுங்கினால்தான் மனிதர் ஓடுவார். இனி வாங்காதே என்றால் முணுமுணுத்துவிட்டு இருந்துவிடுவார்.

போவதா, பேசுவதா?

அமெரிக்க அறிஞர் சார்லஸ் டீபூ 1956-ல் ஒரு கருத்தை வெளியிட்டார். கடையில் காய்கறி பொறுக்குவதுபோல, தமக்குப் பிடித்த வரியும் வசதியும் உள்ள ஊரை மக்கள் பொறுக்கிக்கொள்வார்கள் என்பது அக்கருத்து. இதைக் ‘காலால் போடும் வாக்கு’ என்று சொல்வதுண்டு. 1970-ல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற மற்றோர் அறிஞர் இதை விரித்தார். பிடிக்காத நிலைமை வந்தால் மனிதனுக்கு இரண்டு வழிகள்: வெளியேறலாம், அல்லது குரல் கொடுக்கலாம். ஓரிடத்தின் மேல் பற்று எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்குக் குரல் ஓங்கும், வெளியேற்றம் குறையும் என்றார் அவர்.

துப்பாக்கி விஷயத்தில் குரல்தான் ஓங்குகிறது. 2020-ல் வர்ஜீனியா மாநிலத்தில் புதிய சட்டங்கள் வரப்போகின்றன என்றதும், அங்குள்ள 95 கவுண்டிகளில் 90-க்கு மேல், “எங்கள் எல்லைக்குள் இவற்றை விரும்பவில்லை” என்ற பொருளில் தீர்மானம் போட்டன. பக்கத்து மேற்கு வர்ஜீனியாவின் கவர்னர், “எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்” என்று அந்தக் கவுண்டிகளை அழைத்தார். ஆட்கள் எல்லையைத் தாண்டுவதற்குப் பதில் எல்லையே ஆட்களைத் தாண்டி வர வேண்டும் என்ற யோசனை!

போவது, பேசுவது என்ற இரண்டும் அல்லாத மூன்றாம் வழியும் உண்டு. நியூயார்க் மாநிலம் 2013-ல், இராணுவப் பாணித் துப்பாக்கி வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்றது. 2015-ல் வெளியான கணக்கின்படி சுமார் 24,000 பேர் சுமார் 44,000 துப்பாக்கிகளைப் பதிவு செய்திருந்தார்கள். மாநிலத்தில் அத்தகைய துப்பாக்கிகள் பத்து லட்சம் இருக்கலாம் என்பது துப்பாக்கித் தொழிலாரின் மதிப்பீடு. அதில் பாதிதான் உண்மை என்றாலும், பெரும்பாலோர் போகவுமில்லை, பதிவு செய்யவுமில்லை, சும்மா இருந்துவிட்டார்கள்.

சட்டத்துக்காகவே குடிபெயர்ந்தவர்கள் யாருமே இல்லையா? உண்டு. 2001-ல் ஜேசன் சோரன்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர், சுதந்திர விரும்பிகள் 20,000 பேர் ஒரே சிறிய மாநிலத்தில் குடியேறி அதன் அரசியலையே மாற்ற வேண்டும் என்ற திட்டத்தை எழுதினார். தடையின்றித் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையும் அவர்கள் வேண்டியவற்றில் ஒன்று. 2003-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 2016 பிப்ரவரியில் 20,000 கையெழுத்துகள் சேர்ந்தன. அதுவரை உண்மையில் பெட்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் பத்தில் ஒரு பங்கு அளவுதான்! இத்தனைக்கும் அவர்கள் மிகவும் உறுதி கொண்டவர்கள். கையெழுத்துப் போடுவது எளிது. பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மாற்றுவது கடினம். ஐடஹோ, மாண்டானா, வயோமிங் பகுதியை இத்தகையோரின் புகலிடமாக்க வேண்டும் என்று 2011-ல் எழுந்த ஓர் இயக்கமும் உண்டு. அதையே சொல்லி நிலம் விற்கும் தரகர்களும் உண்டு.

சட்டத்தின் இழுப்பு உண்மையில் வேலை செய்யும் இடம் வேறு. எப்படியும் கிளம்பப் போகிறவர்களிடம்தான் அது பலிக்கிறது. ஓய்வு பெற்ற ஒருவர் மாசசூசெட்சை விட்டுக் கிளம்புகிறார். நியூ ஹாம்ப்ஷயரா, கனெக்டிகட்டா என்று யோசிக்கிறார். இரண்டும் மற்றபடி சமம் என்றால், அலமாரியில் இருக்கும் துப்பாக்கி தராசைச் சற்றுச் சாய்க்கலாம். துப்பாக்கி மலிந்த ஊரில் குழந்தைகளை வளர்க்க அஞ்சும் பெற்றோருக்கு அதே தராசு எதிர்ப்பக்கம் சாயும்.

மனிதனைவிட எளிதாக எல்லை தாண்டுவது துப்பாக்கிதான் என்பதையும் மறக்கக் கூடாது. 2013 முதல் 2016 வரை சிக்காகோப் போலீசார் கைப்பற்றிய துப்பாக்கிகளில், பிறப்பிடம் கண்டுபிடிக்க முடிந்தவற்றுள் சுமார் 60 சதவிகிதம் இல்லினாய்க்கு வெளியே வாங்கப்பட்டவை. ஐந்தில் ஒன்று பக்கத்திலுள்ள இந்தியானாவிலிருந்து வந்தது. மருந்துச் சோதனையில் பார்த்தோமே, அதற்கு நேர்மாறான பிழைக்கு இது இடம் தருகிறது. சட்டம் சரியாக இருந்தும், பக்கத்து வீட்டுக் கூரை ஒழுகினால் நம் வீடும் நனைகிறது. “நம் கூரை பயனற்றது” என்று சொல்லிவிடுகிறோம்.

நீங்களே செய்து பாருங்கள்

சிறு சாய்வு எத்தனை தூரம் கொண்டுபோகும்? தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளாதார அறிஞர் 1971-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், சதுரங்கப் பலகையையும் காசுகளையும் கொண்டே இதுபோன்ற கேள்வியை ஆராய்ந்தார். பின்னர் 2005-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அவர் வழியைச் சற்று மாற்றி நாம் செய்வோம்.

64 கட்டமுள்ள பலகையின் நடுவே சாக்பீசால் கோடு போடுங்கள்; இரண்டு மாநிலங்கள் ஆயிற்று. 22 புளியங்கொட்டைகளும் 22 சோழிகளும் எடுத்துக்கொள்ளுங்கள். புளியங்கொட்டை துப்பாக்கி உள்ள குடும்பம். சோழி இல்லாத குடும்பம். இடப்பக்கம் 12 கொட்டையும் 10 சோழியும், வலப்பக்கம் 10 கொட்டையும் 12 சோழியும் வையுங்கள். எந்தப் பக்கத்தில் எது அதிகமோ அதன் விருப்பப்படி அப்பக்கத்துச் சட்டம். இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு காயைத் தொடுங்கள். அந்தக் குடும்பத்துக்கு வேலை மாற்றல் வந்துவிட்டது; அது எடுத்து வைக்கப்பட்டே ஆக வேண்டும். ஆறுமுகப் பகடையை உருட்டுங்கள். 1 முதல் 4 வரை விழுந்தால், தன் இனம் அதிகமுள்ள பக்கத்தில் ஒரு காலிக் கட்டத்தில் வையுங்கள். 5, 6 விழுந்தால் மற்றப் பக்கம். இப்படியே நூறு தடவை செய்யுங்கள்.

இடப்பக்கத்தில் கொட்டைகள் ஏறத்தாழ 15 ஆகவும், சோழிகள் 7 ஆகவும் மாறியிருக்கும். சில சமயம் ஆட்டத்தின் தொடக்கத்தில் பக்கமே மாறிப்போவதும் உண்டு. எந்தக் காயும் சட்டத்துக்காகக் கிளம்பவில்லை, வேலைக்காகவே கிளம்பியது. ஆனாலும் பலகை பிரிந்துவிட்டது. பிரிந்தபின் இரு பக்கச் சட்டங்களும் முன்னைவிட அசைக்க முடியாதவை ஆகிவிட்டன.

இந்தச் சாய்வு மிகைதான். உண்மை வாழ்க்கையில் துப்பாக்கிக்கு இவ்வளவு எடை இல்லை. பகடைக்குப் பதில் பன்னிரண்டு சீட்டுகளை எழுதிப் போட்டு மறுபடி ஆடுங்கள்: ஏழில் ‘தன் பக்கம்’, ஐந்தில் ‘மறு பக்கம்’. இம்முறை இடப்பக்கத்துக் கொட்டைகள் பெரும்பாலும் 13-ஐச் சுற்றியே நிற்கும். ஒருமுறை 11, ஒருமுறை 14 என்று ஆடும். ஆட்டம் முடிந்ததும், விதி தெரியாத ஒரு நண்பரைக் கூப்பிட்டுப் பலகையை மட்டும் காட்டுங்கள். காய்களை ஏதாவது ஒன்று சாய்த்ததா, தற்செயலாகவே இப்படி அமைந்ததா என்று அவரால் சொல்ல முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.